நெடுவழி மிதிவண்டிப் பயணம்: புறப்படுமுன் ஆயத்தம்

ஆகஸ்டுத் திங்கள் 29ஆம் நாள் வேளாங்கண்ணியில் கொடி ஏறுகிறது. செப்டம்பர் 8ஆம் நாள் அன்னையின் பிறந்த நாள் பெருவிழா. அந்நாள்களில் காவியுடை அணிந்து, செபமாலை சொல்லியவாறு நடந்து செல்லும் திருப்பயணிகளைக் கடற்கரைச் சாலையில் ஆண்டுதோறும் காண்கிறோம். அவர்களிடையே மிதிவண்டியில் செல்லும் இளைஞரும் உண்டு. சென்னையிலிருந்து செல்வோர்க்கு வழி 300 கிலோமீட்டருக்கு மேல். இதுவன்றி, ஒரே நாளில் 200 கிலோமீட்டர் ஓட்டி முடிக்கும் ‘பிரவே’ என்னும் நெடுவழி ஓட்டங்களும் இப்போது சென்னை, கோவை முதலிய நகரங்களில் நடைபெறுகின்றன. ஆகவே, “நானும் சைக்கிளில் போகப் போகிறேன்” என்று மகனோ மகளோ வந்து சொல்லும் நாள் நம் குடும்பங்களில் எவருக்கும் வரலாம்.

அன்று பெற்றோர் இருவகையாகப் பேசக் காண்கிறோம். “லாரி ஓடுகிற சாலையில் உனக்கென்ன வேலை? வேண்டவே வேண்டாம்” என்று தடுப்போர் ஒரு சாரார். “நேர்ந்துகொண்டாயிற்று, மாதா பார்த்துக்கொள்வாள்” என்று எதையும் கேளாமல் அனுப்பிவைப்போர் மற்றொரு சாரார். முன்னவரிடம் அன்பு இருக்கிறது. பின்னவரிடம் விசுவாசம் இருக்கிறது. ஆயினும் பிள்ளைக்குத் தேவையான உதவி இருவரிடமும் கிடைப்பதில்லை. “என்றைக்குப் புறப்படுகிறாய்?” என்று கேட்குமுன், “எத்தனை வாரம் பழகினாய்?” என்று கேட்கும் பெற்றோரே அவ்வுதவியைச் செய்கிறார்கள். அக்கேள்விக்கு விடை என்னவாக இருக்க வேண்டும் என்பதையே இத்திங்கள் நாம் ஆராய்வோம்.

பெயரில் துணிவு, விதியில் நிதானம்

1897ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் இத்தாலி நாட்டில் பன்னிருவர், கதிரவன் எழுந்து மறைவதற்குள் உரோமையிலிருந்து நேப்பிள்ஸ் வரை 230 கிலோமீட்டர் மிதிவண்டியில் சென்றுவிட முயன்றனர். இவ்வகைப் பயணங்களுக்கு ‘ஆடாக்ஸ்’ என்னும் பெயர் வழங்கலாயிற்று. இலத்தீன் மொழியில் அதற்குத் ‘துணிவுள்ள’ என்று பொருள். இன்று உலகெங்கும் பல நாடுகளில் நடைபெறும் நெடுவழி ஓட்டங்கள் இந்த மரபில் வந்தவையே. பிரான்சில் 1891இல் முதன்முதல் நடந்த பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் ஓட்டம், ஏறத்தாழ 1200 கிலோமீட்டர் நீளமுள்ளது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் அதில் நம் நாட்டினரும் கலந்துகொள்கின்றனர்.

பெயர் துணிவைச் சொன்னாலும், விதிகள் நிதானத்தையே கற்பிக்கின்றன. 200 கிலோமீட்டருக்கு 13½ மணி நேரம். 300க்கு 20 மணி. 400க்கு 27 மணி. 600க்கு 40 மணி. 1200க்கு 90 மணி என வரையறை உண்டு. இடையிடையே உள்ள நிலையங்களில் அட்டையில் முத்திரை பெற்றுச் செல்ல வேண்டும். மிக விரைந்து வருவோர்க்கு அந்நிலையம் திறந்தே இராது. ஏனெனில் இது பந்தயம் அன்று. முதலில் வந்தவர், கடைசியில் வந்தவர் என்ற வேற்றுமையின்றி, உரிய நேரத்துள் வந்தவர் அனைவரும் ஒரே நிலையினர்.

இக்கணக்கைச் சற்று எண்ணிப் பாருங்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் வீதம் செல்பவர்க்கு 200 கிலோமீட்டரைக் கடக்க 10 மணி நேரம் ஆகும். உண்ணவும், நீர் நிரப்பவும், பஞ்சர் ஒட்டவும், மரநிழலில் இளைப்பாறவும் இன்னும் 3½ மணி நேரம் அவர் கையில் இருக்கிறது. விடியற்காலைக் குளிரில், கூட்டத்தின் உற்சாகத்தில், முதல் 50 கிலோமீட்டரை 25 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுபவர் மிச்சப்படுத்துவது அரை மணி நேரமே. அந்த அரை மணிக்கு ஈடாக நண்பகலில் கால் தளர்ந்து ஒரு மணி நேரத்தை இழக்கிறார். முதற்பயணம் போவோரில் பலரை வீழ்த்துவது இந்த முதல் இரண்டு மணி நேரமே. “பேசிக்கொண்டே ஓட்ட முடிகிறதா?” என்பதே நல்ல அளவுகோல். மூச்சு வாங்கிப் பேச்சு நின்றால், வேகம் மிகுந்துவிட்டது என்று அறிக.

பன்னிரண்டு வாரப் பழக்கம்

நாள்தோறும் வேலைக்கு 5 கிலோமீட்டர் சைக்கிளில் சென்று வருபவர், பன்னிரண்டு வாரங்களில் 200 கிலோமீட்டருக்கு உடலை ஆயத்தம் செய்யலாம். வாரநாள்களில் மூன்று முறை 15 முதல் 20 கிலோமீட்டர். வாரத்தில் ஒருநாள் நீண்ட ஓட்டம். அந்நீண்ட ஓட்டம் 40, 50, 60 கிலோமீட்டர் என வளர்ந்து, நான்காம் வாரம் 45ஆகக் குறைய வேண்டும். பின்னர் 75, 90, 105 என ஏறி, எட்டாம் வாரம் 80ஆகத் தாழ வேண்டும். அதன்பின் 120, 135, 150 என உயர வேண்டும். பன்னிரண்டாம் வாரம் பயணத்துக்கு உரியது. அதற்கு முந்திய நாள்களில் இரண்டு சிற்றோட்டங்களும் நல்ல உறக்கமும் போதும். இஃது ஒரு மாதிரியே. வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்ப மெதுவாகவும் ஏறலாம். இடையே குறைக்கச் சொல்வது சோம்பலுக்காக அன்று. உழைத்த தசை வலுப்பெறுவது ஓய்வில்தான்.

நாற்பது வயதைக் கடந்தவரும், நீரிழிவு, இரத்த அழுத்தம், நெஞ்சுநோய் உடையவரும் மருத்துவரைக் கண்டபின்னரே தொடங்க வேண்டும். நெஞ்சில் இறுக்கமோ மயக்கமோ தோன்றினால் அன்றைய ஓட்டம் அங்கேயே நிற்க வேண்டும்.

நீண்ட ஓட்டத்துக்குப் பெரும்பாலோர்க்கு வாய்ப்பது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு திருப்பலி இதனால் விடுபடுமோ என்று சில தாய்மார் கவலைப்படுவர். சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்குகொண்டாலும் ஞாயிறு கடமை நிறைவேறுகிறது என்பதைத் திருச்சபைச் சட்டமே கூறுகிறது. முதல் நாள் மாலை கோவிலுக்குச் சென்று, இரவு விரைவில் உறங்கி, மறுநாள் விடியுமுன் புறப்படுவது இரண்டுக்கும் நன்று.

வண்டியும் உடலும் பொருந்துதல்

விலையுயர்ந்த வண்டி வேண்டும் என்பதில்லை. பழகிய வண்டி வேண்டும். புதுச் சீட்டையோ புதுக் காலணியையோ பயணநாளன்று முதன்முதல் பயன்படுத்துவது தகாது. சீட்டின் உயரத்தை வீட்டிலேயே சரிபார்க்கலாம். சுவரில் சாய்ந்தபடி சீட்டில் அமர்ந்து, பெடல் மிகத் தாழ்ந்திருக்கும்போது அதன்மேல் குதிகாலை வைத்தால், கால் மடங்காமல் நேராக நிற்க வேண்டும். சீட்டு தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்புறம் வலிக்கும். மிக உயர்ந்திருந்தால் இடுப்பு இருபுறமும் ஆடி, முழங்காலின் பின்புறம் வலிக்கும். 10 கிலோமீட்டரில் சிறு நெருடலாக இருப்பது 150ஆவது கிலோமீட்டரில் தாங்கொணா வேதனையாகும். பல்சக்கரம் மாற்றும் வசதியுள்ள வண்டியாயின், கனமாக அழுத்தி மிதிப்பதைவிட இலகுவாக விரைந்து சுழற்றுவதே முழங்காலுக்கு நன்று. அவ்வசதி இல்லாத வண்டியாயின், பாலத்தின் ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவதில் இழுக்கு ஒன்றுமில்லை.

கையை ஒரே இடத்தில் நெடுநேரம் ஊன்றினால் விரல்கள் மரத்துப்போகும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்ற வேண்டும். தடித்த தையல் உள்ள உடை தொடையை அராவிப் புண்ணாக்கும். தையல் உறுத்தாத உடையும், சிறிது தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிக்கொள்வதும் அதைத் தவிர்க்கும்.

பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே வண்டியைக் கடைக்காரரிடம் கொடுத்துப் பிரேக் கட்டை, செயின், சக்கரக் கம்பிகள், டயர் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்ல வேண்டும். முந்திய நாள் பழுது பார்த்தால், புதிதாகத் தோன்றும் குறை வழியில்தான் தெரியவரும். மாற்று டியூப் இரண்டு, டயர் நெம்பும் கட்டைகள், ஒட்டுப்போடும் பொருள்கள், சிறு பம்பு, திருகுசாவிகள் ஆகியவை பையில் இருக்கட்டும். இவற்றை வைத்திருப்பதோடு அமையாது, பயன்படுத்தவும் தெரிய வேண்டும். பின்சக்கரத்தைக் கழற்றி டியூப் மாற்றி மாட்டுவதை வீட்டுத் திண்ணையில் மூன்று முறையேனும் செய்து பழகுக. அவற்றுள் ஒருமுறை இருட்டில், கைவிளக்கு வெளிச்சத்தில் செய்க. நள்ளிரவில் கடை இல்லாத இடத்தில் நிற்கும்போது அந்தப் பழக்கம் பெருந்துணையாகும்.

பசிக்குமுன் உண்ணுதல்

வீட்டில் நாம் பசித்தபின் உண்கிறோம். நெடுவழியில் அம்முறை உதவாது. உடலில் சேர்ந்துள்ள சர்க்கரைச் சத்து சில மணி நேர உழைப்பில் தீர்ந்துவிடும். தீர்ந்தபின் கை நடுங்கும், கண் இருளும், மனம் கசக்கும், தோழர்மேல் காரணமின்றிச் சினம் எழும். அந்நிலைக்கு வந்தபின் உண்டால் தேற நெடுநேரம் ஆகும். ஆகவே, பசி தோன்றாவிட்டாலும் முதல் மணி நேரத்திலிருந்தே சிறுகச் சிறுக உண்ண வேண்டும். மணிக்கு ஒரு வாழைப்பழமும் சிறிது கடலை மிட்டாயும், நிறுத்துமிடங்களில் இரண்டு மூன்று இட்லியும் நம் நாட்டவர்க்கு ஏற்ற உணவு. வழியில் பிரியாணிக் கடையைக் கண்டு வயிறு நிறைய உண்பவர், அடுத்த இரண்டு மணி நேரம் வருந்துவார்.

நீரைப் பற்றியும் தெளிவு வேண்டும். வெயிலில் வியர்வையோடு உப்பும் வெளியேறுகிறது. வெறும் நீரையே அளவின்றிக் குடித்தால் இரத்தத்தில் உப்பின் அளவு தாழ்ந்து, தலைவலி, குமட்டல், குழப்பம் உண்டாகி, உயிருக்கே ஊறு நேரலாம். உப்பிட்ட மோர், எலுமிச்சை நீர் ஆகியவை நன்று. மருந்துக்கடை உப்புச்சர்க்கரைப் பொடி கிடைக்காவிடில், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொள்ளலாம். நீரிழிவுள்ளவர் இவ்வினிப்பு நீரைக் குறித்து மருத்துவரிடம் கேட்டறிக. உணவையும் பானத்தையும் பயிற்சி ஓட்டங்களிலேயே சோதித்து, வயிறு ஏற்றுக்கொள்வதை மட்டுமே பயணநாளில் எடுத்துச் செல்ல வேண்டும்.

ஆகஸ்டுப் பகலின் வெயில் கடுமையானது. விடியற்காலை 4 மணிக்குப் புறப்பட்டு, 11 மணிக்குள் பெரும்பகுதியைக் கடந்து, 3 மணிவரை நிழலில் தங்குவது வேளாங்கண்ணிப் பயணத்துக்கு ஏற்ற முறை. முதன்முறை செல்வோர் அந்த 300 கிலோமீட்டரை ஒரே மூச்சில் முடிக்க எண்ணாமல் மூன்று நாளாகப் பிரித்துக்கொள்வதே அறிவுடைமை.

இருளும் உறக்கமும்

சாலையில் நமக்கு வழி தெரிவது ஒரு தேவை. நாம் பிறர்க்குத் தெரிவது அதனினும் பெரிய தேவை. முன்னே வெள்ளை விளக்கு, பின்னே சிவப்பு விளக்கு, ஒளி பட்டால் மின்னும் மேலாடை, தலைக்கவசம் ஆகிய நான்கும் இன்றி எவரும் இருளில் சாலையில் இறங்கலாகாது. குழுவாகச் செல்வோர் இருவர் மூவராகப் பக்கம் பக்கமாகச் செல்லாது, இடப்புறம் ஒருவர்பின் ஒருவராகச் செல்ல வேண்டும். காதில் பாட்டுக் கருவி கூடாது. பின்னால் வரும் வண்டியின் ஓசையே நமக்கு எச்சரிக்கை. குழுவில் மிக மெதுவாகச் செல்பவரின் வேகமே குழுவின் வேகமாக இருக்கட்டும்.

உறக்கம் விளக்கைவிடப் பெரிய செய்தி. பின்னிரவு 2 மணிமுதல் 5 மணிவரை மனித உடல் இயல்பாகவே உறக்கத்தை நாடும். கண் சொக்கும்போது பாட்டுப் பாடியும் முகம் கழுவியும் சமாளிக்கலாம் என்று எண்ணுவோர், தாம் உறங்கியதையே அறியாமல் சாலையின் நடுவுக்குச் சென்றுவிடுவர். ஒருமுறை தலை சாய்ந்தாலும் உடனே நிறுத்த வேண்டும். வெளிச்சமுள்ள பெட்ரோல் நிலையத்திலோ, கோவில் வளாகத்திலோ இருபது நிமிடம் படுத்தெழுந்தால் தெளிவு பிறக்கும். முதற்பயணத்தில் இரவு ஓட்டமே இல்லாதபடி திட்டமிடுவது இன்னும் நன்று.

பொருத்தனை செய்தவர்க்கு

இனி, நம் குடும்பங்களுக்கே உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். தாயின் நோய் தீர வேண்டும், வேலை கிடைக்க வேண்டும் என்று பொருத்தனை செய்து புறப்படும் இளைஞனுக்கு வழியில் காய்ச்சல் வருகிறது, அல்லது முழங்கால் வீங்குகிறது. “நேர்ந்துகொண்டதை நிறுத்தினால் குற்றமாகுமே” என்ற அச்சத்தால் அவன் தொடர்ந்து ஓட்டுகிறான். இருளில் தளர்ந்த உடலோடு சாலையில் செல்லும் அவனை அவனது பக்தியே ஆபத்தில் தள்ளுகிறது.

திருச்சபை அவனிடம் இதைக் கேட்கவில்லை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி, இயலக்கூடியதும் மேலானதுமான ஒரு நன்மையைக் குறித்து, நன்கு எண்ணி, உரிமையோடு கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கே பொருத்தனை. ‘இயலக்கூடியது’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நிலைமை அடிப்படையில் மாறினால் பொருத்தனையின் கட்டும் நீங்கும் என்று அச்சட்டம் கூறுகிறது. தனிப்பட்ட பொருத்தனையிலிருந்து தகுந்த காரணத்துக்காக விலக்களிக்கும் அதிகாரம் பங்குத்தந்தைக்கு உண்டு. பொருத்தனை செய்தவரே அதைச் சமமான அல்லது மேலான வேறொரு நற்செயலாக மாற்றிக்கொள்ளவும் இடமுண்டு. 180ஆவது கிலோமீட்டரில் நிறுத்திவிட்டுப் பேருந்தில் ஏறி அன்னையின் திருமுன் மண்டியிடும் பிள்ளையை அவள் தள்ளிவிடுவாளோ? இதைப் பிள்ளைக்குப் புறப்படுமுன்பே சொல்லி அனுப்புவது பெற்றோரின் கடமை. வழியில் தளர்ந்தபின் தொலைபேசியில் சொன்னால் அவன் மனம் ஏற்காது.

நேர்ச்சை இல்லாத ஓட்டத்துக்கும் இதுவே பொருந்தும். எங்கே நிறுத்தலாம், அங்கிருந்து எப்படித் திரும்பலாம், அதற்கு எவ்வளவு பணம் வேண்டும் என்பன திட்டத்தின் பகுதியாகவே இருக்க வேண்டும்.

வீட்டாரின் ஆயத்தம்

பிள்ளை பழகும் பன்னிரண்டு வாரமும் வீடும் பழக வேண்டும். எந்தெந்த ஊரில் எத்தனை மணிக்குச் செய்தி சொல்வான் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இடையிடையே அழைத்து ஓட்டுபவனின் கவனத்தைக் கலைக்க வேண்டாம். செய்தி வராமல் எவ்வளவு நேரம் பொறுப்பது, அதன்பின் யாரை அழைப்பது என்பதும் முடிவாகட்டும். பெயர், இரத்த வகை, ஒவ்வாத மருந்து, வீட்டுத் தொலைபேசி எண் எழுதிய சீட்டு ஒன்று அவன் சட்டைப்பையில் இருக்கட்டும். “வந்து அழைத்துப் போங்கள்” என்று எந்நேரத்தில் கேட்டாலும் சென்று அழைத்து வர ஒருவர் இருக்கட்டும். அவர் வழியில் கடிந்துகொள்ளாதவராக இருக்கட்டும். ஏச்சுக்கு அஞ்சும் பிள்ளை உதவி கேட்பதில்லை.

மகள் போக விரும்பினால் மட்டும் பேச்சையே எடுக்கவிடாத வீடுகள் உண்டு. நம்பத்தக்க குழு, பகல் ஓட்டம், தங்குமிடம் பற்றிய முன்னேற்பாடு ஆகியவை மகனுக்கும் வேண்டியவைதாம். அவை இருக்குமாயின் மகளைத் தடுக்க நியாயமில்லை.

பயிற்சியால் வந்த வலிமை

இத்தாலி நாட்டு ஜீனோ பர்த்தாலி, 1938இலும் 1948இலும் பிரான்சு நாட்டைச் சுற்றும் புகழ்பெற்ற மிதிவண்டிப் பந்தயத்தை வென்றவர், ஆழ்ந்த கத்தோலிக்கர். அவருடைய தம்பி 1936இல் பந்தய விபத்தில் உயிரிழந்தமையால், சாலையின் ஆபத்தை அவர் நன்கறிந்திருந்தார். இரண்டாம் உலகப் போரின்போது, பிளாரன்ஸ் பேராயர் கர்தினால் எலியா தல்லா கோஸ்தா யூதரைக் காக்க அமைத்த மறைவான பணியில் அவர் பங்குகொண்டார். பயிற்சிக்குச் செல்பவர்போல நெடுந்தொலைவு ஓட்டி, போலி அடையாளத் தாள்களை வண்டியில் மறைத்து, அசிசி முதலிய இடங்களுக்குக் கொண்டு சென்றார். பிளாரன்சிலிருந்து அசிசி 170 கிலோமீட்டர் அளவு. எருசலேமிலுள்ள யாத் வாஷெம் நிறுவனம் 2013இல் அவரை யூதரைக் காத்த நீதிமான்களுள் ஒருவராக அறிவித்தது. தம் வாழ்நாளில் அவர் இதைப்பற்றி அதிகம் பேசியதில்லை. பந்தயத்துக்கென்று நாள்தோறும் பழகிய கால்கள், எவரும் எதிர்பாராத ஒரு வேளையில் பிறர் உயிரைக் காக்க உதவின.

நம் பிள்ளைகளுக்கு அத்தகைய வேளை வராமலும் போகலாம். ஆயினும் பன்னிரண்டு வாரம் விடியலில் எழுவதும், அளவாக உண்பதும், தளர்ந்த தோழனுக்காக வேகத்தைக் குறைப்பதும், இயலாதபோது இயலாது என்று ஒப்புக்கொள்வதும் எந்த வாழ்வுக்கும் உதவுபவை. மிதிவண்டி ஓட்டுவோர்க்கும் ஒரு பாதுகாவலி உண்டு. இத்தாலியின் கோமோ ஏரிக்கு அருகே கிசல்லோக் குன்றின்மேல் கோவில் கொண்டுள்ள அன்னையைப் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1949இல் அவர்களுக்குப் பாதுகாவலியாக ஏற்படுத்தினார்.

புறப்படும் விடியலில் டயரின் காற்றையும், பிரேக்கையும், விளக்குகளையும் ஒருமுறை பார்த்தபின், பிள்ளையின் நெற்றியில் சிலுவை அடையாளமிட்டு அனுப்புங்கள். முடித்தபின் களைத்த உடலோடு இரவில் ஓட்டித் திரும்ப வேண்டாம். மோட்டார் வண்டியைத் தானே ஓட்டி வரவும் வேண்டாம். உண்டு, உறங்கி, மறுநாள் வண்டியைப் பேருந்தின் மேலோ தொடர்வண்டியிலோ ஏற்றிக்கொண்டு வரட்டும். வீட்டார் அதுவரை காத்திருப்பார்கள் என்று அவனிடம் சொல்லி அனுப்புங்கள்.